பிரேக் பேடு மாட்டியது யார்?

என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் நான் குளியலறையில்தான் எடுப்பேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டு யோசித்தால், "இன்னா யோசிச்சிகினு கீற?" என்று யாரும் கேட்க முடியாத ஒரே இடம் எங்கள் வீட்டில் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது பக்கெட் நிரம்புவதற்குள் முடிவு பிறந்துவிட்டது. இடுப்பில் துண்டோடு வெளியே வந்து அறிவித்தேன்.

"மோகனா, ஞாயித்துக்கிழம நம்ம காருக்கு நானே பிரேக் பேடு மாத்தப் போறேன். வூட்லயே. என் கையாலயே."

என் மனைவி மோகனப்ரியா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"எந்த ஞாயித்துக்கிழம?"

"வர்ற ஞாயித்துக்கிழம."

"அன்னிக்கு இன்னா விசேசம்?"

"இன்னா விசேசம்?"

"என் தம்பி உதயா புது போட்டு எறக்கறான்."

"அடடா!" என்றேன்.

இந்த அடடாவைக் குளியலறையில் நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அப்படியும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

விஷயம் இதுதான். மோகனா நெட்டுக்குப்பத்துப் பெண். அப்பா, தாத்தா, தம்பி எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அந்த வீட்டில் ஒரு பழக்கம். புதுப் படகு இறக்கினால் முதல் சுற்றுக்கு வீட்டு மாப்பிள்ளை ஏற வேண்டும். மாலை போட்டு முன்பக்கம் உட்கார வைப்பார்கள். வீட்டுக்கு இருப்பது ஒரே மாப்பிள்ளை. செங்குட்டுவன். அதாவது நான்.

நான் வியாசர்பாடிக்காரன். ஹவுசிங் போர்டு பிளாக்கில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் பிறந்தவனுக்குப் பந்தும் வரும், பாக்ஸிங்கும் வரும். மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு மறு ரவுண்டுக்கு எழுந்து நின்றவன் நான். ஆனால் தண்ணீர் என்றால் எனக்கு ஒரு பக்கெட் வரைக்கும்தான் தைரியம்.

உதயா இதற்கு முன் ஒரு படகு இறக்கினான். அதில் என்னை ஏற்றினார்கள். போனது ஒரே ஒரு சுற்று. வழி நெடுக வாந்தி. "மீனுக்கெல்லாம் சோறு போட்ட மாமா" என்று அன்றைக்கு எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. இன்றைக்கும் நெட்டுக்குப்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் என்னை யாரென்று தெரியும்.

இதை வெளியே சொல்ல முடியுமா? கடலை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, "கடலாவது கிடலாவது, நமக்கெல்லாம் அது பக்கத்து வூடு மாதிரி" என்று பேசி வைத்திருக்கிறேன். அதனால்தான் பிரேக்.

என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செகண்ட் ஹேண்டுதான். ஆனால் ஜெர்மன். டர்போ. தரையைத் தடவிக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் பிரேக்குகூடச் சிவப்பு பெயின்ட்டில் மின்னும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு நொடியில் தொடும் என்றான் விற்றவன். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் அது நூறு மீட்டர் போக ஏழு நிமிஷம் ஆகும். அது காரின் குற்றம் இல்லை.

அந்தச் சாலையின் புழுதியும் பள்ளமும் அதன் மேல் படக்கூடாது என்று நான் வேலைக்கு ஸ்கூட்டரில்தான் போவேன். கார் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்குக் கீழே, கவர் போட்டுக்கொண்டு வாரம் முழுக்கத் தூங்கும். ஞாயிறு காலை கவரை நீக்கி, துடைத்து, ஒரு சின்ன ரவுண்டு. அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்கு முன் அந்த ரவுண்டில் பிரேக்கில் கீச்சென்று சத்தம். பேடு தேய்ந்துவிட்டது என்று புரிந்தது. முன் சக்கரங்களுக்குப் புதுசு ஒரு பெட்டி வாங்கிப் பரணில் வைத்தேன். மாட்ட நேரம் வரவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் சத்தம் தானாக நின்றுவிட்டது. நான் சக்கரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் சரியாகியிருக்கும் என்று நினைத்தேன். நல்ல சாக்கு ஒன்று கையில் இருக்கட்டும் என்று சத்தம் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

மோகனா வெண்டைக்காயை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பிரேக்கு அவ்ளோ மோசமாவா கீது?"

"பேடு ரொம்ப பேடு."

"காலீல மாத்திட்டு மத்தியானம் ஓட்டிகினு வா."

"நாலு சக்கரம் மோகனா! சாயங்காலம் ஆயிடும்."

வாங்கியது இரண்டு சக்கரத்துக்குத்தான். அது இவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"நாலா?" என்றாள். "சரி. கார உட்டுட்டு ஷேர் ஆட்டோல வா."

"சக்கரம் கழட்டின கார ஜாக்கி மேல உட்டுட்டு எப்டி வர்றது? எவனாச்சும் சக்கரத்த உருட்டிகினு போய்ட்டான்னா?"

"அப்ப மெக்கானிக்காண்ட குடேன்."

"இது பர்ஃபாமன்ஸ் காரும்மா. கண்டவங்க கையெல்லாம் படக்கூடாது."

"ஓகோ" என்றாள். "கண்டவங்க கை படக்கூடாதா."

சிரித்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் துண்டு அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

ஞாயிறு காலை பட்டுப்புடவை, மல்லிகைப்பூ சகிதம் மோகனா ஷேர் ஆட்டோ ஏறினாள். "பாத்து செய்யி. கைல போட்டுக்காத" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை டாட்டா காட்டினேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினேன்.

சும்மா இருக்க முடியாது. சாயங்காலம் அவள் வரும்போது கையில் கிரீஸ் இருக்க வேண்டும் அல்லவா? எப்படியும் மாற்ற வேண்டிய பேடுதான்.

கீழ்வீட்டு லியோனார்ட் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீயோடு உட்கார்ந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இப்போது எங்கள் கட்டடத்தில் யார் என்ன செய்தாலும் எதிரே உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை.

"இன்னா தம்பி, ஆபரேசனா?"

"பிரேக் பேடு மாத்தறேண்ணே."

"மாத்து, மாத்து" என்று காலை நீட்டிக்கொண்டார். "நான் பாக்கணும்."

செல்போனில் வீடியோவை ஓடவிட்டேன். ஒரு வெள்ளைக்காரன் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கிறான். முதலில், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கர போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டுமாம். ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்து, ஏறி மிதிக்கத் தயாராகி, சும்மா ஓர் அழுத்து அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களாண்ணே? பாக்ஸிங் கை!"

"யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டின மாதிரி ஈஸியா வருது" என்றார் அவர், டீயைப் பார்த்துக்கொண்டு.

ஜாக்கியைப் போட்டுத் தூக்கினேன். குனிந்து நிமிர்ந்ததில் முதுகில் ஒரு பிடிப்பு.

"அம்மா! டிஸ்க்கு!"

"யார் டிஸ்க்கு தம்பி? காருதா, உன்துதா?"

பதில் சொல்லாமல் சக்கரத்தை உருவினேன். உள்ளே பெரிய சாப்பாட்டுத் தட்டு போல பளபளவென்று இரும்பு டிஸ்க். அதைக் கவ்விக்கொண்டு சிவப்பாக ஒரு பெட்டி. அதற்குப் பெயர் கேலிப்பர். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினவனை ஊரே கேலி பண்ணும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பின்பக்கம் இரண்டு போல்ட். அதுவும் சமர்த்தாக வந்தது. கேலிப்பரை மேலே தூக்கி, பேடை உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"அண்ணே, தேஞ்ச பேடு எப்டி இருக்கும்?"

"மெல்லிசா இருக்கும்."

"இது?"

வாங்கிப் பார்த்தார். "கடலமுட்டாய் கணக்கா தடியா கீதே. புதுசு தம்பி இது."

"அதான எப்டி?"

"என்னக் கேட்டா? உன் காரு."

ஓடிப்போய் அடுத்த முன் சக்கரத்தையும் கழற்றினேன். அங்கேயும் புதுசு. மாடிக்குப் போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒட்டுக் காகிதம் ஒட்டினபடி இருந்தது. கீழே கொண்டுவந்து பிரித்தேன். உள்ளே தமிழ் பேப்பரில் அழகாகச் சுற்றி, பழைய பேடு நாலு. அப்பளம் மாதிரி தேய்ந்துபோனவை.

பரணில் இருந்த புதுசு காரில் இருக்கிறது. காரில் இருந்த பழசு பரணில் இருக்கிறது. நடுவில் யார்?

"திருடன் வந்திருப்பானாண்ணே?"

"திருடன் இருக்கறத எடுத்துகினு போவான். எவனாச்சும் பரண் ஏறி, பேடு எடுத்து, சக்கரம் கழட்டி, மாட்டிட்டு, பழச பேப்பர்ல மடிச்சி வெச்சிட்டு வெறுங்கையோட போவானா? அப்டி ஒர்த்தன் கெடைச்சா சொல்லு. எங்க வூட்டு தண்ணி மோட்டாரு ஓடவே மாட்டேங்குது."

என்னிடம் ஒரு கெட்ட குணம். தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டுக்கு வந்த கூரியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் லீவு போட்டவன் நான். (பிரஷர் குக்கர்.) இப்போது என் சொந்தக் காருக்குள்ளேயே ஒரு ரகசியம். விடுவேனா?

துப்பு துலக்க ஆரம்பித்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சில வாரமாகவே இடிக்கிறது. எனக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று ராத்திரி சாப்பாட்டைக் குறைத்திருந்தேன். இப்போது பார்த்தால் சீட்டுதான் முன்னால் தள்ளியிருந்தது. பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தது. டர்போ குடிக்கிறது என்று விட்டிருந்தேன். உள்ளே ஏதோ வாடை. எங்கள் பக்கம் வாடைக்கெல்லாம் காரணம் தேடினால் ஆயுள் போதாது என்று அதையும் விட்டிருந்தேன். டிக்கியைத் திறந்து மூலையைத் தடவினேன். விரல் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

மீன் செதில்.

"சங்கரா" என்றார் லியோனார்ட் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

ஜெர்மன் டர்போ காருக்குள் சங்கரா மீன்! யாரைக் கேட்பது? மோகனாவைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? "பேடு புதுசா கீது" என்று வாயைத் திறந்தால், "அப்ப கெளம்பி வா" என்பாள். கேட்கவும் வேண்டும், சொல்லவும் கூடாது. தவித்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அவள்தான்.

"இன்னாய்யா, வேல எதுனா ஆச்சா?"

"ஆய்கினே கீது. செம கஷ்டம்."

"பழசு எப்டி கீது?"

"அப்பளம் மாதிரி கீது." பொய் இல்லை. கையில்தான் வைத்திருந்தேன்.

"புதுசு?"

"புதுசு சூப்பரா கீது."

"கரீக்டா உக்காருதா?"

"அளவெடுத்த மாதிரி உக்காருது."

"நல்லது. பழச தூக்கிப் போட்டுடாத. பேப்பர்ல சுத்தி அந்தப் பொட்டிலயே வெச்சிடு."

எனக்கு முதுகுப் பிடிப்பு மறந்துபோனது.

"பேப்பர்லயா?"

"ஆமா. தமிழ் பேப்பரா பாத்து சுத்து."

"மோகனா..."

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"எதுனா கேக்கணுமா?"

"சேச்சே. இன்னா கேக்கப் போறேன்?"

"சரி, வெக்கறேன். அந்தாளு வேற பிரியாணி துன்னுட்டு கெளம்பறேன்னு நிக்கறான்."

"எந்தாளு?"

"பேடு மாட்டின ஆளு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். கட் பண்ணினாள். வாட்ஸப்பில் அவள் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மேளச் சத்தம். "இன்னும் கொஞ்ச நேரந்தான் இருப்பானாம். கேக்கணும்னா வந்து கேட்டுக்கோ."

ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் ஆர்வம். நடுவில் நான், பனியனோடு.

போகக்கூடாது. அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நெட்டுக்குப்பம் போவது வேறு, படகு ஏறுவது வேறு இல்லையா? மணலில் நின்றபடியே, 'யார் நீ, ஏன் மாட்டினாய்?' என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்ததும் வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான். தண்ணீர் இருக்கும் திசையில் தலையைக்கூடத் திருப்ப மாட்டேன்.

"கெளம்பிட்டியா?" என்றார் லியோனார்ட் அண்ணன்.

"கரையிலதாண்ணே நிப்பேன்."

"நில்லு, நில்லு. கரை எங்க போவப்போவுது."

அந்த வெள்ளைக்காரன் மட்டும் அன்று என்னைப் பார்த்திருந்தால் வீடியோவை அழித்திருப்பான். பேடு, கேலிப்பர், சக்கரம், போல்ட் எல்லாம் வந்த வேகத்தில் உள்ளே போயின. ஓட்டுவதற்கு முன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து இறுக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தான். மிதித்தேன். கல் மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிரெய்லர்கள் ஓரமாகத் தூங்கின. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் எழும்பி வந்தன. திடீரென்று ஓர் எருமை குறுக்கே வந்து, நடுச்சாலையில் நின்று, என்னைப் பார்த்தது. மிதித்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது கார். ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. மாட்டினவன் யாராக இருந்தாலும் பெரிய கைகாரன் என்று மனசுக்குள் ஒரு மரியாதை வந்தது. அவனை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. எருமையைச் சுற்றிக்கொண்டு பறந்தேன்.

நெட்டுக்குப்பத்தில் பந்தல், ஸ்பீக்கர் செட், பிரியாணி வாசனை. கழிமுகத்தின் ஓரம் நீலமும் மஞ்சளுமாகப் புதுப் படகு. மாலை, பலூன். பாதி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"மாமா வந்துட்டாரு!" என்று உதயா கத்தினான். "நல்லவேள. மீனுங்கள்லாம் காலீலருந்து துன்னாம காத்துகினு கீது!"

கூட்டம் சிரித்தது. என் மாமியார் பவுனம்மாள் ஓடி வந்தாள்.

"பிரேக்கு இல்லாத வண்டில எப்டி மாப்ள வந்த?"

"மெதுவா வந்தேன் அத்தே."

"புழுதி பறக்க வந்து நின்னியே, அதுவா மெதுவு?"

மோகனா மல்லிகைப்பூவைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வந்தாள். நான் அவளைத் தனியே இழுத்தேன்.

"யாரு அந்தாளு?"

"வந்தவுடனேவா? சாப்டு மொதல்ல."

"எனக்கு எறங்காது. யாரு?"

அவள் விரலை நீட்டினாள். புதுப் படகின் பின்பக்கம், இன்ஜின் மேல் குனிந்துகொண்டு ஒரு ஆள். "அலெக்ஸாண்டர். நம்ம பக்கத்து போட்டு இன்ஜினெல்லாம் அவர்தான் பாப்பாரு. போய் கேளு."

"இங்க கூப்புடு."

"இன்ஜின் ஓடிகினு கீது. உட்டுட்டு எப்டி வருவாரு?"

தண்ணீர் ஓரமாகப் போய் நின்றேன். கரையில்தான். செருப்புகூட நனையவில்லை. இன்ஜின் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ! பேடு நீங்கதான் மாட்டுனீங்களா?"

"இன்னா சார்?"

"பேடு! பேடு!"

"ஆமா சார், நல்ல போட்டு!"

"போட்டு இல்லய்யா, பேடு! காருது!"

"யாருது? உதயாதுதான் சார்!"

இரண்டு அடி முன்னால் போனேன். கணுக்கால் நனைந்தது. அப்போதும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு அடி. முட்டி. அலெக்ஸாண்டர் காதில் கையை வைத்துக்கொண்டு, "கிட்ட வாங்க சார்" என்று மறு கையை நீட்டினார். மரியாதைக்குப் பிடித்தேன். மரியாதையாகத் தூக்கிவிட்டார். ஒரு கால் உள்ளே. கேள்வி வாயில் இருந்ததால் மறு காலும் உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை.

"அந்த பிரேக் பேடு..." என்று ஆரம்பிக்கும்போது கழுத்தில் மாலை விழுந்தது. பின்னால் பத்து கைகள் படகைத் தள்ளின. உதயா துள்ளி ஏறினான். கரை நகர்ந்தது. கரை எங்கே போகப்போகிறது என்றாரே லியோனார்ட் அண்ணன், அது போயே போய்விட்டது.

"நிறுத்து! நிறுத்து! பிரேக்கப் போடு!"

"போட்டுக்கு ஏது சார் பிரேக்கு?" என்றார் அலெக்ஸாண்டர்.

முகத்துவாரம் தாண்டியதும் முதல் அலை வந்தது. படகு ஏறியது. நானும் ஏறினேன். படகு இறங்கியது. என் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. பலகையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதும் விடவில்லை நான்.

"அலெக்ஸாண்டர்... பேடு... நீங்கதான..."

"ஓ, கார் பேடா? நான் மாட்டல சார். ஜாக்கி மட்டுந்தான் போட்டேன்."

"அப்ப யாரு?"

"அக்காதான்."

"எந்த அக்கா?"

"நம்ம மோகனாக்காதான் சார். நான் செஞ்சி தர்றேன்னுதான் சொன்னேன். 'நான் ஓட்டற வண்டி, நானே கத்துக்கறேன்'னு சொல்லிட்டாங்க. போன்ல ஒரு வெள்ளக்காரன் வீடியோவ பாத்து பாத்து, கறுப்பு கையுறயெல்லாம் போட்டுகினு..."

மேலே கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. அதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது. எண்ணூர் மீன்கள் அன்றைக்குப் பட்டினி கிடக்கவில்லை.

கரையில் என்னை இறக்கி, பந்தலின் நிழலில் சாய்த்தார்கள். மோகனா எலுமிச்சை சோடாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். கோபம் வர வேண்டிய இடம்தான். வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே கோபம் வரும்?

"எப்ப கத்துகின?" என்றேன்.

"ஷரீஃபுன்னிசா அக்கா டிரைவிங் ஸ்கூல் வெச்சிகீதுல்ல, அங்க. லைசென்சும் கீது, காட்டவா?"

"எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லிக்குடுத்திருப்பேனே."

"கேட்டேனே. பர்ஃபாமன்ஸ் காரு, கண்டவங்க கை படக்கூடாதுன்ன."

சோடாவைக் குடித்தேன்.

"மீன் செதில்?"

"அம்மா கூடையத் தூக்கிகினு நின்னா ஷேர் ஆட்டோக்காரன் ஏத்த மாட்டேன்றான். பஸ்ல கண்டக்டர் மூஞ்ச சுளிக்கறான். மணலி பக்கம் அபார்ட்மென்ட்ல அம்மாவுக்கு வாடிக்க நெறைய கீது. நீ ஸ்கூட்டர்ல போய்ட்ற. இங்க ஒரு வண்டி கவர் போட்டுகினு சும்மா தூங்குது. ஏத்திகினு போறேன். ஐஸ் பொட்டிக்கு அடியில பிளாஸ்டிக் போட்டுதான் வெக்கறேன். ஒரு செதில் தப்பிச்சிருக்கும்."

மாமியார் தூரத்தில் யாருக்கோ பிரியாணி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வயதில் கூடையோடு ரோட்டில் கை காட்டி நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். காருக்காக வாதாடலாம் என்று எடுத்த மூச்சு அப்படியே இறங்கிவிட்டது.

"பேடு தேஞ்சது?"

"அது நான்தான். ஆரம்பத்துல பயந்துகினு பிரேக்கு மேலயே கால வெச்சி ஓட்னேன். சத்தம் வந்துச்சி. நீ புதுசு வாங்கினுவந்து பரண்ல வெச்ச. வெச்சது வெச்சபடி கீது. எத்தினி நாள் பாக்கறது? கூட அம்மாவ வேற ஏத்திகினு போறேன். அதான் மாட்டிட்டேன்."

"இதெல்லாம் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். இப்டி இஸ்துகினு வந்து, கடல்ல தள்ளி..."

அவள் தலைப்பை உதறினாள்.

"கடலு பயமா கீதுன்னு நீ சொல்லியிருந்தா, உதயாவாண்ட சொல்லி கரையிலயே மாலய போட்டு உட்ருப்பேன். நீ இன்னா சொன்ன? பிரேக்கு மோசம்ன. ரெண்டு நகம் ஒடிஞ்சி நான் மாட்டின பிரேக்கு. மோசமா?"

எருமையை நினைத்துக்கொண்டேன்.

"இல்ல" என்றேன். "நல்லாத்தான் புடிக்குது."

அவள் முகம் மலர்ந்தது. "நெசமாவா? இஸ்துதா? ஒரு பக்கமா போவுதா?"

"இல்ல. கல்லு மாதிரி நிக்குது."

"அலெக்ஸாண்டரு! கேட்டியா?" என்று எழுந்துபோய்விட்டாள். சோடா பாட்டிலை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பினோம். முன் சீட்டில் மாமியார். டிக்கியில் உதயா கொடுத்த மீன். பின் சீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து, மாலையோடு நான். மோகனா பட்டுப்புடவையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சீட்டை முன்னால் தள்ளினாள். டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, பள்ளத்தைச் சுற்றி, ஸ்பீடு பிரேக்கரில் ஒரு தடவைகூடக் காரின் வயிறு இடிக்காமல் ஓட்டினாள். ஸ்பீடு பிரேக்கரில் நான் இடிக்காத நாள் இல்லை. அவள் பிரேக் பிடிப்பது தெரியவே இல்லை. என் வயிறு ஒரு தடவைகூடப் புரளவில்லை என்பதை வேறு யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை.

வீட்டு வாசலில் லியோனார்ட் அண்ணன் கையில் ஒரு பாத்திரத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னாம்மா, நமக்கு எதுனா கீதா இன்னிக்கு?"

"கீதுண்ணே. சங்கராதான். இருங்க எடுக்கறேன்."

நான் தலையை நீட்டினேன். "அண்ணே! உங்களுக்கும் தெரியுமா?"

"இங்கயே ஒக்காந்துகினு கீறேன், தெரியாம இருக்குமா?" என்றார். அப்புறம்தான் மாலையைப் பார்த்தார். ஜன்னலையும் என் முகத்தையும் பார்த்தார். "இன்னா தம்பி, பின்னாடி ஒக்காந்து வர? பேடு மாத்தலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மோகனா கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"பேடு எப்பவோ மாத்தியாச்சுண்ணே. இன்னிக்கு டிரைவரத்தான் மாத்துனோம்."